‘இயற்றியவர்’ என்ற கட்டம்

வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்தில், லீட்ஸ் நகரில் ஒரு ஒலி ஆவணத் திட்டத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். 1960களிலும் 70களிலும் யார்க்‌ஷயர் மதுக்கடைகளின் மாடி அறைகளில் வாரம் ஒருமுறை நாட்டுப்புறப் பாட்டுக் கூட்டம் நடக்கும். அதையெல்லாம் யாரோ பொறுமையாக ரீல் டேப்பில் பதிந்து வைத்திருந்தார்கள். அவை கணினிக்கு மாற்றப்பட்டு என்னிடம் வரும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டு, பாட்டின் பெயர், பாடியவர், முதல் வரி, இயற்றியவர், மெட்டமைத்தவர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ‘இயற்றியவர்’ கட்டத்தில் முதல் எழுத்தைத் தட்டினாலே ‘டிரெடிஷனல்’ என்று தானாக விழும். மரபுப் பாடல், ஊரார் பாடல், இன்னார் எழுதியது என்றில்லாத பாடல். முதல் மூன்று மாதத்தில் அந்த ஒரு தட்டலை நான் எத்தனை முறை தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அப்படித் தட்டியதில் ஒன்றுதான் ‘டேல்ஸ்மன்ஸ் லிட்டனி’. டேல்ஸ் என்பது யார்க்‌ஷயரின் மலைப் பள்ளத்தாக்குகள். லிட்டனி என்றால் தேவாலயத்தில் பாதிரியார் ஒன்றொன்றாகச் சொல்ல, சபையார் “எங்களை மீட்டருளும் ஆண்டவரே” என்று பதில் சொல்லும் மன்றாட்டு மாலை. இந்தப் பாட்டில் மன்றாடுகிறவன் ஒரு பண்ணையாள். கல்யாணம் ஆனவர்களுக்கு இங்கே தங்க இடமில்லை, கல்யாணமா வேலையா என்று முடிவு செய் என்கிறார் நிலக்கிழார். காதலித்தவளை விட முடியாமல் இருவரும் நகரத்துக்கு ஓடுகிறார்கள். லீட்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், பிராட்ஃபர்ட், கீத்லி, ராதரம் என்று ஊர் ஊராக உழைக்கிறான். ஷெஃபீல்டின் உலைகள் நெருப்பு நாக்கை நீட்டுகின்றன. பார்ன்ஸ்லி சுரங்கத்தில் முழங்கால் சேற்றில் நின்று நிலக்கரி பொறுக்குகிறான். பிராட்ஃபர்ட் ஓடையில் விழும் பனி கருங்காலி மரம்போலக் கறுத்து மிதக்கிறது. ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் யார்க்‌ஷயர் ஊர்ப் பெயர்களோடு மன்றாட்டு வருகிறது. “ஹல்லிலிருந்தும் ஹாலிஃபாக்ஸிலிருந்தும் நரகத்திலிருந்தும், நல்ல ஆண்டவரே, என்னை மீட்டருளும்.”

நான் தினமும் வேலைக்கு வந்த பேருந்து ஹன்ஸ்லெட் வழியாக வந்து லீட்ஸ் பாலத்தைக் கடக்கும். அந்த ஹன்ஸ்லெட்டும் பக்கத்து ஹோல்பெக்கும் பாட்டில் இருக்கின்றன. லீட்ஸ் பாலத்தின் மேல் ஊர்ந்து வரும் சாம்பல் நிற மூடுபனியும் இருக்கிறது. அதனாலேயே மற்றப் பாடல்களைவிட இதைக் கூர்ந்து கேட்க ஆரம்பித்தேன். ஐந்தாவது டேப்பிலும் அதே பாட்டு வந்தபோதுதான் ஒரு சந்தேகம் தட்டியது.

வாய்வழியாகப் பல தலைமுறை கடந்து வந்த பாட்டு ஒரே மாதிரி இருக்காது. ஒரு ஊரில் ஏழு கண்ணி இருக்கும், இன்னொரு ஊரில் நான்குதான் மிஞ்சியிருக்கும். மாப்பிள்ளை மாலுமியாக மாறியிருப்பான், வரிகள் இடம் மாறியிருக்கும், பொருள் புரியாத சொல்லுக்குப் பதிலாக ஓசையில் நெருங்கிய வேறொரு சொல் உட்கார்ந்திருக்கும். இந்தப் பாட்டை ஐந்து பேர் பாடினார்கள், ஐந்தும் ஏறக்குறைய ஒன்றே. சிலர் ஒரு கண்ணியை விட்டார்கள், சிலர் ஊர்ப் பெயரை முன்னே பின்னே மாற்றினார்கள், அவ்வளவுதான். எல்லாரும் எங்கோ ஒரே தாளிலிருந்து கற்றவர்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தாள் இருந்தால் எழுதிய கை ஒன்று இருந்தாக வேண்டும்.

நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வட்டார மொழிக் கவிதைத் தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் போக முடியும் என்பதால் இரண்டு வாரம் ஆனது. ‘சாங்ஸ் ஆஃப் தி ரைடிங்ஸ்’ என்ற சின்னப் புத்தகம், 1918ல் வந்தது. அதில் இந்தப் பாட்டு முழுதாக, ஒரு வரி குறையாமல் இருந்தது. எழுதியவர் ஃபிரெடரிக் வில்லியம் மூர்மன். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிப் பேராசிரியர். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஊரில் பாடம் நடத்தியவர். பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வரிகளை வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தேன். மேசையில் இருந்த சாண்ட்விச்சை அன்று சாப்பிடவில்லை.

சரி, பெயர் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியாகத் திரும்பி வந்தேன். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் திறந்து, இயற்றியவர் கட்டத்திலும் மெட்டமைத்தவர் கட்டத்திலும் மூர்மன் என்று நிரப்பினேன். மறுநாள் பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த சகா கேட்டார், “புத்தகத்தில் இசைக்குறிப்பு இருந்ததா?” இல்லை. வெறும் கவிதைதான். அவசரத்தில் நானே ஒரு பொய்யைப் பதிவேற்றியிருந்தேன். பிறகு தேடியதில், பாடகர்கள் பாடும் மெட்டு டேவ் கெட்டி என்ற பிராட்ஃபர்ட்காரர் போட்டது என்று தெரிந்தது. மூர்மன் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த மெட்டு வந்தது. டிம் ஹார்ட், மேடி பிரையர் என்ற நாட்டுப்புறப் பாடகர்கள் 1968ல் இந்தப் பாட்டை ‘பழைய இங்கிலாந்தின் நாட்டுப்பாடல்கள்’ என்று பெயரிட்ட இசைத்தட்டில் பாடினார்கள். அதைக் கேட்டுக் கற்றவர்கள் பாட்டு பல நூற்றாண்டுப் பழையது என்று நினைத்ததில் வியப்பில்லை. உண்மையில் மெட்டுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. பிரிட்டனில் எழுதியவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை உண்டு. மூர்மனின் சொற்கள் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. மெட்டு அப்படியல்ல. ‘மரபு’ என்று நான் தட்டிய ஒரு தட்டல், மெட்டமைத்தவருக்குச் சேர வேண்டியதைத் துடைத்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு மரபுப் பாட்டுக்குத் தாங்கள் இசைக்கோப்பு செய்ததாகப் பதிந்து அந்தப் பங்கை எடுத்துக்கொள்ள வழி திறந்துவிடுகிறது.

இன்னொரு கேள்வி என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை. மூர்மன் எழுதினாரா, யாரோ ஒரு கிழவர் பாடக் கேட்டுக் குறித்துக்கொண்டாரா? பாட்டில் இருக்கும் மொழி அவ்வளவு மெய்யானது. லீட்ஸ் மூடுபனியை ‘பாஸ்டீல் சூப்’ மாதிரி கெட்டியானது என்கிறான் பண்ணையாள். 1834 ஏழைச் சட்டத்துக்குப் பிறகு எழுந்த ஏழை விடுதிகளை வடக்கு இங்கிலாந்து மக்கள் பாரீஸ் சிறையின் பெயரால் பாஸ்டீல் என்றுதான் திட்டினார்கள். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டதைச் சொல்லும்போது, குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்ததற்கான சொல்லைப் போடுகிறான். ‘ஹல், ஹாலிஃபாக்ஸ், நரகம்’ என்ற மன்றாட்டோ மூர்மனுக்கு ரொம்ப முந்தியது. 17ம் நூற்றாண்டிலேயே அச்சில் இருக்கிறது. திருடர்களும் பிச்சைக்காரர்களும் சொன்னதாக வழங்கிய பழமொழி அது. ஹாலிஃபாக்ஸில் பதின்மூன்றரைப் பென்னி மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தலையை வெட்டும் பொறி ஒன்று 1650 வரை இருந்தது. பயந்ததில் நியாயம் உண்டு.

பதில் மூர்மனின் இன்னொரு புத்தகத்திலேயே கிடைத்தது. இதற்கு முன்பே அவர் 1673 முதல் 1915 வரையிலான யார்க்‌ஷயர் வட்டாரக் கவிதைகளைத் தொகுத்திருந்தார். அதில் மற்றக் கவிதைகள் தனி, மரபுப் பாடல்கள் என்று தலைப்பிட்டவை தனி. பிணத்துக்குக் காவல் இருக்கும் இரவில் பாடும் கிளீவ்லாண்ட் ஒப்பாரி அந்த இரண்டாம் பகுதியில் வருகிறது. ஊர் வாயில் இருந்ததையும் ஒருவர் எழுதியதையும் பிரித்து வைக்கத் தெரிந்த மனிதர் அவர். மன்றாட்டுப் பாட்டை அங்கே வைக்கவில்லை. சொந்தக் கவிதைகள் இருக்கும் புத்தகத்தில், பழமொழியைத் தலைப்புக்குக் கீழே ‘யார்க்‌ஷயர் பழமொழி’ என்று தனியாகக் குறித்துவிட்டு, பாட்டைத் தன்னுடையதாக வைத்திருக்கிறார். அதே புத்தகத்தில் தெருவிளக்கு ஏற்றுகிற ஆளும் தன் குரலில் பேசுகிறான். பிறர் குரலில் எழுதுவதுதான் அந்தப் புத்தகத்தின் வேலையே. கடன் வாங்கியது எது, எழுதியது எது என்று அவரே கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் கோட்டைக் காப்பாற்றத் தவறியவர்கள் பின்னால் வந்த நாங்கள்தான்.

அவர் யார்க்‌ஷயர்காரர்கூட இல்லை. தெற்கே டெவனில், ஆஷ்பர்ட்டனில் 1872ல் பிறந்தவர். வேறு மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் பேச்சைக் காதால் படித்து, இந்த ஊர்க்காரர்கள் தங்கள் தாத்தா பாட்டு என்று நம்பும்படி எழுதினார். புத்தகம் வந்த மறு வருடமே, 1919ல், லிட்டன்டேல் பள்ளத்தாக்கில் ஓடும் ஸ்கிர்ஃபேர் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். தன் பாட்டை யாரும் பாடி அவர் கேட்கவில்லை.

நான் மாற்றங்களைக் கொடுத்தபோது மேற்பார்வையாளருக்குத் தயக்கம். இத்தனை பதிவுகளைத் திரும்பத் திறக்க நேரமில்லை, கேட்பவர்களுக்கு இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றார். நான் சண்டை போடவில்லை. புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும், தொகுப்பின் பொருளடக்கத்தையும் நகலெடுத்து மேசையில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து, சரி செய்யுங்கள், ஆனால் வேலை நேரத்துக்குப் பிறகு என்று பதில் வந்தது. அதற்கு அப்புறம் மூன்று மாலை ஆனது.

அந்தத் தானாக விழும் வசதியை என் கணினியில் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ‘டிரெடிஷனல்’ என்பதை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ஒரு நாளைக்கு நாற்பது பதிவு முடித்தவன் இருபத்தைந்துக்கு இறங்கினேன்.

கடைசி டேப்பில் ஒரு பெண் பாடுகிறார். பாடும் முன் மாடி அறையில் கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தம், அவர் தொண்டையைச் செருமுகிறார், “இது யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது” என்கிறார். கூடியிருந்தவர்கள் மன்றாட்டு வரியில் ஒருமிக்கச் சேர்ந்துகொள்கிறார்கள். பதிவில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன், அது அந்த இரவில் நடந்தது. கீழே இரண்டு கட்டங்கள். சொற்கள்: ஃபிரெடரிக் வில்லியம் மூர்மன், 1872–1919. மெட்டு: டேவ் கெட்டி, பிராட்ஃபர்ட். குறிப்புக்கு இருநூறு எழுத்துதான் இடம் இருந்தது. பழமொழி அவரினும் பழையது என்று மட்டும் சேர்த்துவிட்டு, சேமி என்பதை அழுத்தினேன்.