நீலத்துணிச் சுவர்: ஒப்புதல் காலத்து நாட்குறிப்பு

2025 ஜனவரி 22

வைசியாள் வீதிக்கு அருகில், ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான பழைய கிடங்கின் பக்கச் சுவரை இன்று மேஸ்திரியுடன் சேர்ந்து அளந்து முடித்தோம். நீளம் 24 மீட்டர், உயரம் 9 மீட்டர். புதுச்சேரியின் துணி வரலாற்றை இந்தச் சுவரில் வரைவதென்று ஓவியர்கள் சென்ற ஆண்டே முடிவு செய்திருந்தார்கள். அந்த வரைவை நகரத்தின் வடிவமைப்பு ஒப்புதலுக்குக் கொண்டுசென்று, சாரம் கட்டும் நாள்வரை சேர்ப்பது என் பொறுப்பு.

சென்ற நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை இன்னும் சுவரின் அடிப்பகுதியை விட்டுப் போகவில்லை. இடுப்பு உயரம்வரை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மேஸ்திரி கரண்டி முனையால் ஓரிடத்தைச் சுரண்டி, உள்ளேயிருந்த சாந்தை விரலில் தேய்த்துக் காட்டினார். “இது சிமெண்ட் இல்லம்மா, சுண்ணாம்பு. மேல பெயிண்ட்டை அடிச்சு மூடினா ஈரம் எங்க போகும்?” என்று கேட்டார். அக்ரிலிக் வண்ணம் சுவரின் மேல் படலமாகப் படிகிறது; உள்ளேயிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், அதில் கரைந்த உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி, ஓவியத்தையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். சிலிக்கேட் வண்ணம் படலமாகப் படியாமல் சுண்ணாம்போடு வினைபுரிந்து பிணைகிறது. ஜெர்மனியில் கைம் என்பவர் 1878இல் காப்புரிமை பெற்ற முறை அது. விலை மிக அதிகம் என்றாலும், இந்தச் சுவருக்கு வேறு எதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

2025 பிப்ரவரி 6

கோப்பு தயாராகிறது. அறக்கட்டளையின் தடையில்லாச் சான்று, இட வரைபடம், முகப்பு வரைபடம், சுவரின் உறுதி பற்றிய பொறியாளர் குறிப்பு, வண்ணப் பட்டியல், சாரம் வீதியில் எவ்வளவு தூரம் நீளும் என்ற விவரம் ஆகிய அனைத்தும் வேண்டும். சுவரின் தென்முனையை ஒட்டி மின்கம்பி செல்வதால் மின்துறைக்குத் தனியாக ஒரு மனு கொடுத்தாயிற்று.

எஸ்.வி. படேல் சாலை, அண்ணா சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை ஆகிய நான்குக்கும் உள்ளே அடங்கிய பழைய நகரத்தில் எதைச் செய்தாலும் கூர்ந்து பார்க்கிறார்கள் என்று ஓவியர்களில் இளையவர் வருத்தப்பட்டார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. திண்ணையும் தாழ்வாரமுமாக வைசியாள் வீதி இன்று ஒரே சீராக நிற்பதற்கும், அந்த வீதியின் மீட்புப் பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் ஒன்றைப் பெற்றதற்கும், யாரோ சிலர் ஒவ்வொரு முகப்பையும் கூர்ந்து பார்த்ததுதான் காரணம். அந்த வீதிக்குப் பக்கத்தில் 216 சதுர மீட்டர் வண்ணம் பூசப்போகிறவர்கள் நாங்கள். கேள்வி கேட்பது அவர்கள் கடமை.

2025 மார்ச் 4

நகரத்தின் வடிவமைப்பு ஒப்புதல் குழுவின் முதல் அமர்வு. ஓவியத்தின் போக்கை இடமிருந்து வலமாக விளக்கினேன். முதலில் அவுரிச் சாயத் தொட்டிகளும் காயவைத்த துணிகளும். அடுத்து, ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிய 1736 முதல் 1761 வரையிலான காலத்தில் அலை கடந்து கப்பலுக்குச் சரக்கேற்றிய சலங்குப் படகுகள். அதன்பின், 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து செனகலுக்குப் போய் அங்கே கருவேலம் பிசினுக்கு மாற்றாகக் கைமாறிய நீலத்துணி. கடைசியில் சவானா, ரோடியர் ஆலைகளின் தறிகளும், 1936 ஜூலை 30 அன்று போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இறந்த 12 ஆலைத் தொழிலாளர்களும்.

முழுவதையும் பொறுமையாகக் கேட்ட மூத்த கட்டடக் கலைஞர் ஒருவர் முகப்பு வரைபடத்தைத் தம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “இந்தக் காட்சியை ஒருவர் எங்கே நின்று பார்ப்பார்?” என்று கேட்டார். வீதியின் அகலம் 6 மீட்டர்தான். எதிர்வீட்டுத் திண்ணையில் முதுகைச் சாய்த்து நின்றாலும் சுவரின் உச்சியைப் பார்க்கத் தலையை ஐம்பது பாகைக்கு மேல் நிமிர்த்த வேண்டும். இரு முனைகளையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. நாங்கள் கொடுத்த வரைபடம் எவருக்கும் எந்நாளும் கிடைக்காத பார்வை. ஒப்புதல் வேண்டுகிற எல்லாச் சுவரோவியங்களும் இப்படித்தான் தாளில் நேராக நிறுத்தி வைத்துக் காட்டப்படுகின்றன. அந்தத் தாளின் மேல்தான் நிறம், அளவு, பொருத்தம் எல்லாம் முடிவாகின்றன. முடிவை ஒத்திவைத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

2025 மார்ச் 11

இரண்டு நாளாக வீதியின் இரு முனைகளிலிருந்தும் நடந்துகொண்டே படம் எடுத்தோம். வடக்கிலிருந்து வருகிறவருக்குச் சுவர் மிகவும் சாய்ந்து, ஒரு குறுகிய பட்டையாகத்தான் முதலில் தெரிகிறது. பிறகு சைக்கிளில் போகிறவருக்குச் சில நொடிகளும் நடப்பவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரமும் ஒவ்வொரு பகுதி கண்ணருகே வந்துபோகிறது. ஆகவே இது நின்று பார்க்கும் ஓவியம் அன்று, கடந்து போகும் ஓவியம். ஓவியர்கள் உடனே மையத்திலிருந்த பெரிய கப்பலை எடுத்துவிட்டு, வீதியின் நீளத்துக்கு ஓடுகிற ஒரே துணியாக வரைவை மாற்றத் தொடங்கினார்கள். தொட்டியிலிருந்து எழும் நீலத்துணி, படகு, தறி எல்லாவற்றையும் ஊடுருவி வலது முனைவரை போகிறது.

2025 மார்ச் 30

இன்று ஞாயிற்றுக்கிழமை, வீதியில் வண்டிகள் குறைவு. கோரா துணிகளை ஒட்டித் தைத்து, அதில் சாயக்காரர் ஒருவரின் உருவத்தைக் கரியால் முழு அளவில் வரைந்து, கைப்பிடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டோம். குழுவினரை வீதிக்கே வரும்படி எழுத்து மூலம் அழைத்திருந்தேன், மூவர் வந்தார்கள்.

தாளில் கம்பீரமாக இருந்த அந்த 7 மீட்டர் உருவம், எதிரே இருந்த ஓட்டு வீட்டின் தலைக்கு மேல் குனிந்து நிற்பதுபோல் அச்சமூட்டியது. எதிர்வீட்டு அம்மா கோலமிட்ட கையோடு வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நான் தினம் வாசலைத் திறந்தா இவர் காலைத்தானே பார்க்கணும்? முகம் எனக்குத் தெரியவே தெரியாதே, கண்ணு” என்றார். குழுவினர் எழுதக்கூடிய எந்தக் குறிப்பும் இவ்வளவு துல்லியமாக இருந்திருக்காது. துணியை மடித்து 4 மீட்டருக்குள் உருவத்தைக் குறுக்கி மீண்டும் கரியால் வரைந்தபோது, சாயக்காரரின் கைகள் அந்த அம்மாவின் தலைக்குச் சற்று மேலே, தொட்டிக்குள் அமிழ்ந்திருந்தன. அங்கேயே எல்லோரும் அந்த அளவை ஏற்றார்கள். கோப்போடு நான்கு மாதம் அலைந்தாலும் கிடைத்திருக்காத முடிவு ஒரு காலையில் கிடைத்தது. அடுத்த முறை எந்தச் சுவரை எடுத்தாலும் மனு கொடுப்பதற்கு முன்பே துணியைத் தொங்கவிட வேண்டும் என்று ஓவியர்களிடம் சொல்லிவிட்டேன்.

அடியிலிருந்து 1.2 மீட்டர்வரை வண்ணமே வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளையாகவே விட்டுவிடலாம் என்றும் முடிவானது. ஈரம் வெளியேற வழி வேண்டும். மழைச் சேறு தெறிக்கும் இடமும் அதுதான்.

2025 ஏப்ரல் 22

இரண்டாம் அமர்வு. நீல நிறம் அதிகமாக இருக்குமோ என்ற கவலைக்கு விடையாக, சுவரின் மேல்மூலையில் பூசிவைத்த மாதிரிப் பட்டைகளைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் எடுத்த படங்களோடு காட்டினோம். உண்மையான அவுரிச் சாயம் வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் அவுரியின் நீலத்தைக் கோபால்ட் நீலத்தாலும் கரும் இரும்பு ஆக்சைடாலும்தான் வரைய வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தையும் கடற்கரை வெயிலையும் ஒருசேரத் தாங்குபவை அவை. நண்பகல் வெயிலில் மிதமாகத் தெரிந்த இரண்டாம் பட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடுமையான விவாதம் வலது முனையைப் பற்றி எழுந்தது. ஓர் உறுப்பினர், துப்பாக்கிச் சூடு ஒரு பொது வீதியில் அவசியமா, 1936ஐ விட்டுவிட்டுத் தறியோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்டார். இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. இறந்தவர்களின் போராட்டத்தைத் தொடர்ந்து அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை சட்டமானது. ரோடியர் ஆலையாகத் தொடங்கிய ஏஎஃப்டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) ஆலையே 2020இல் மூடப்பட்டுவிட்ட பின், தறியை மட்டும் அழகாக வரைந்து, தறியில் நின்றவர்களை விட்டுவிட்டால் அது வரலாறாகாது என்று சொன்னேன். என்னோடு வந்திருந்த ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் ஐயா எழுந்து, துப்பாக்கி ஏந்தியவர்களை வரையவே வேண்டாம், அவர்களுக்குச் சுவரில் இடம் எதற்கு, 12 வெள்ளைத் துணிகளை மட்டும் கொடியில் தொங்கவிடுங்கள் என்றார். அதைக் கேட்டபின் மறுத்துப் பேச யாரும் முன்வரவில்லை. நீலமாக ஓடிவரும் துணி அந்த இடத்தில் 12 வெள்ளைத் துணிகளாகப் பிரியும். கீழே தேதி மட்டும் இருக்கும்.

2025 மே 8

ஒப்பந்தம். அறக்கட்டளைக்குச் சுவர் சொந்தம், ஓவியம் யாருக்கு என்ற கேள்வியை இப்போதே எழுதி முடிக்க வேண்டும். அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனில் அமைத்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிச் சிதைத்துவிட்டார்கள். அந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவின்படி கலைஞருக்கு உரிமை உண்டென்று ஏற்று, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரும் ஆணையும் வழங்கியது. இதை அறங்காவலர்களிடம் பொறுமையாக விளக்கினேன். சுவரை இடிக்கவோ வெள்ளையடிக்கவோ நேர்ந்தால் 60 நாள் முன்னறிவிப்பு தருவது, ஓவியத்தை ஆவணப்படுத்த இடம் தருவது என்று எழுதிக்கொண்டோம். ஐந்தாண்டுப் பராமரிப்பு எங்கள் பொறுப்பு.

வண்ணத்துக்குப் பண உதவி செய்யும் நிறுவனம் தன் சின்னத்தைப் பெரிதாகக் கேட்டது. சின்னம் ஏறினால் ஓவியம் விளம்பரமாகிவிடும். விளம்பரத்துக்கு வேறு விதிகள், வேறு அனுமதி. கையளவுப் பலகை ஒன்றுக்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

2025 ஜூன் 19

ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தது. நிபந்தனைகள்: ஏற்கப்பட்ட மாதிரி நிறத்திலிருந்து விலகக் கூடாது; அடிப்பகுதி வெள்ளையாகவே இருக்க வேண்டும்; இரவு விளக்கு பொருத்தக் கூடாது; சாரத்துக்கும் வீதிக்கும் இடையே நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும். இவற்றில் ஒன்றுகூட எங்களுக்குப் பாரமில்லை. விளக்கு வேண்டாம் என்பதை நானே கேட்டிருந்தேன், எதிர்வீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

மேஸ்திரி உப்பேறிய பூச்சை நீக்கிப் புதிய சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். அது இறுகச் சில வாரங்களாவது தேவை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும் என்பதால் ஆகஸ்டும் செப்டம்பரும்தான் எங்களுக்கு உள்ள காலம். ஜூலை 30க்குள் அந்த 12 துணிகளாவது முடியுமா என்று ஐயா கேட்டார். வலது முனையின் மேற்பாதிப் பூச்சு பழுதின்றி இருப்பதால், அங்கே மட்டும் முதலில் சாரம் கட்டித் தொடங்கலாம் என்று மேஸ்திரி பார்த்துச் சொல்லியிருக்கிறார். சவுக்குக் கம்புக்கு முன்பணம் கொடுத்தாயிற்று; போக்குவரத்துக் காவலுக்கான கடிதத்தை நாளை காலை கொண்டுபோகிறேன்.