நெல்லுக்கு ஒரு காவல், உயிருக்கு ஒரு காவல்

பிலிப்பைன்ஸின் வடக்கு லூசோன் மலைகளில் இஃபுகாவ் மக்கள் நெற்களஞ்சியத்துக்குக் காவலாக வைக்கும் மரச்சிலைதான் புலுல், பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக ஜோடியாகவே இருக்கும். செதுக்கினால் மட்டும் போதாது. மும்பாகி என்கிற பூசாரி மந்திரம் ஓதி, பன்றி ரத்தம் பூசி, அரிசி மது படைத்த பிறகுதான் அதற்குச் சக்தி வரும், நெல்லும் குறையாமல் பெருகும் என்பது நம்பிக்கை. இப்படி ரத்தமும் புகையும் ஏறிக் கறுத்த பழைய சிலைகளுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் மவுசு (சடங்கு வேண்டாமாம், அதன் கறை மட்டும் வேண்டுமாம்!).

அதே பிலிப்பைன்ஸின் ஆண்டிங்-ஆண்டிங் வேறு ரகம். அது தனி ஆள் உடம்போடு அணியும் தாயத்து, மேலே லத்தீன் மாதிரி வாசகங்கள், சக்தி ஏற்றுவது புனித வெள்ளியன்று. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான 1896 புரட்சியில் குண்டு துளைக்காது என்று நம்பிப் பலர் இதை அணிந்து சண்டைக்குப் போனார்கள். ஸ்பானியர் கொண்டுவந்த கத்தோலிக்க மதத்தின் சொற்களையே ஸ்பானியருக்கு எதிரான கவசமாக்கிக்கொண்டார்களே, அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு இது புலுலைவிடப் பிடிக்கும்.