ஓரத்தில் வைத்த புள்ளிகள்

நுழைவுத் தேர்வுக்குப் படித்த வருடம், ஒவ்வொரு மாதிரித் தேர்வு முடிந்ததும் கூடப் படித்த நண்பனோடு உட்கார்ந்து விடை சரிபார்ப்பேன். ஒருநாள் 90 கேள்வி. சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. அவனுக்கு 21 தவறு, எனக்கு 11தான். ஆனாலும் அவன் 243, நான் 229. அவன் தொடாமல் விட்டது 3 கேள்வி; நான் விட்டது 19.

அந்தப் பத்தொன்பதிலும் வினாத்தாளில் ஏதோ ஓர் ஆப்ஷன் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருந்தேன். 'இதுதான்னு தோணுது, ஆனா எதுக்கு வம்பு' என்கிற புள்ளி. எண்ணிப் பார்த்தால் 11 சரி. வட்டத்தை நிரப்பியிருந்தால் 36 மதிப்பெண் கூட வந்திருக்கும். பாடம் தெரியாமல் இழந்த மதிப்பெண் இல்லை அது.

எல்லாப் பெண்களும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 2014-இல் பொருளியல் ஆய்வாளர் கேத்தரின் பால்டிகா வெளியிட்ட ஆய்வில் இதே கதை இருக்கிறது: தவறுக்கு மதிப்பெண் கழித்தால், அதே அளவு விஷயம் தெரிந்த ஆண்களைவிடப் பெண்கள் அதிகக் கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். கழிக்காவிட்டால் அந்த வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் சாட் (SAT) தேர்வில் 2016 முதல் தவறுக்குக் கழிப்பதே கிடையாது.

உங்கள் தேர்வில் கழித்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் தேர்வு மாதிரி சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1 என்றால், நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலே சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். தவறு என்று தெரிந்த இரண்டை ஒதுக்கிவிட்டுக் குத்தினால் ஒன்றரை. நான் 'ரிஸ்க்' என்று ஒதுக்கியதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

கணக்கு புரிந்தும் கை வரவில்லை என்பதுதான் சிக்கல். அதற்கு எனக்கு உதவியது ஒரு நோட்டு. விடை எழுதும்போதே பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று 50, 70, 90 என ஒரு எண் போட்டேன். மூன்று தேர்வுக்குப் பிறகு கூட்டினால், நான் 50 போட்டவற்றில் முக்கால்வாசி சரி. 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று நானே தள்ளிவிட்டவை. வகுப்பில் என்னை 'நல்லா உழைக்கிற பொண்ணு' என்பார்கள், அவனை 'மூளைக்காரன்' என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டே, சரியாக வந்தால்கூட அது தெரிந்து எழுதியது என்று எண்ணத் தோன்றாமல் போயிருக்கலாம்.

நோட்டு அவனையும் விடவில்லை. அவன் 90 போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தப்பு, அதுவும் பெரும்பாலும் இயற்பியலில். 'தெரிஞ்சதுதானே' என்று திருப்பிப் பார்க்காமல் விட்ட அத்தியாயங்கள். அந்த வாரமே அவன் ஒளியியலை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தான். அடுத்த தேர்வில் நான் விட்டது 4 கேள்வி. கை நடுங்கிக்கொண்டேதான் நிரப்பினேன்.