கச்சான் சுருளுக்குப் போகுமுன்

பேப்பர் வந்தவுடன் விளையாட்டுப் பக்கத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், மரண அறிவித்தலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நேரே சித்திரத்தொடருக்குப் போகிற ஒரு சிறு கூட்டமும் உண்டு. மட்டக்களப்பில் அந்தக் கூட்டத்தின் முதல் எதிரி கச்சான்காரர், அதாவது நிலக்கடலை விற்பவர். காலையில் வந்த நாலு கட்டம் பின்னேரம் கல்லடிப் பாலத்தடியில் சுருளாகி, சுடச்சுடக் கைக்கு வரும். அது ‘பீனட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடராக இருந்துவிட்டால் பெயருக்கும் பொருத்தம்தான், ஆங்கிலத்தில் அதுவும் கச்சான்தான். அந்தப் பெயர் அதை வரைந்த சார்ள்ஸ் ஷுல்ஸுக்கே பிடிக்காது. தொடரை விநியோகித்த நிறுவனம் வைத்த பெயர் அது. பிடிக்காத பெயரிலேயே 1950 ஒக்டோபர் 2 முதல் 2000 பெப்ரவரி 13 வரை 17,897 தொடர்களை வரைந்தார்.

அந்த நாலு கட்டமும் ஏன் ஒரே அளவு என்று பலர் கவனிப்பதில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கத்தான். சம அளவாக இருந்தால் பக்கம் கட்டுகிறவர் ஒரே வரிசையாகப் போடலாம், இரண்டுக்கு இரண்டாக அடுக்கலாம், விளம்பரம் தின்றதுபோக மிஞ்சிய ஒற்றைப் பத்தியில் மேலிருந்து கீழாகவும் இறக்கலாம். 1988 வரை ஷுல்ஸ் இந்தக் கட்டுக்குள்தான் நின்றார். பிறகு மூன்று கட்டம், இரண்டு கட்டம், சில நாள் நீளமாக ஒரே கட்டம். அடுக்கி வைத்த தொடரை வாசிக்கும்போது ஒரு தொல்லை உண்டு: முடிவுக் கட்டம் முதல் கட்டத்துக்குக் கிட்டவே வந்துவிடும், கண் தானாக அங்கே ஓடிவிடும். இடது கையால் கடைசிக் கட்டத்தை மூடிக்கொண்டு வாசியுங்கள். சின்னப்பிள்ளை வேலைபோலத் தெரியும், ஆனால் பகிடி கெடாது.

இன்னொரு கோளாறு, இழுத்து நீட்டுவது. கிடைத்த இடம் அகலமாக இருந்தால் உயரத்தை விட்டுவிட்டு அகலத்தை மட்டும் கூட்டிவிடுவார்கள். கண்டுபிடிக்க அளவுகோல் தேவையில்லை, பீனட்ஸ் நாயகன் சார்லி பிரவுணின் தலை போதும். அது கிட்டத்தட்ட வட்டமாக இருக்க வேண்டும். மாங்காய்போலக் கிடந்தால் பக்கம் கட்டினவர் கைவைத்திருக்கிறார். வலது ஓரத்தையும் பாருங்கள். கட்டத்தின் கோடு அங்கே இல்லையென்றால் கடைசிச் சொல்லில் பாதியும் வெட்டுப்பட்டிருக்கும், உங்களுக்குப் பகிடி விளங்காததற்கு நீங்கள் காரணமில்லை.

கட்டத்தின் மூலையில் பூதக்கண்ணாடி கேட்கும் அளவில் ஓர் எண் இருக்கும். அமெரிக்கத் தொடரில் ‘3-7’ என்றால் மார்ச் 7, யூலை 3 இல்லை. நம்முடைய வழக்கத்தில் வாசித்து அடுக்கினால் கதை தலைகீழாகிவிடும். நம் பேப்பரில் அது வந்த நாள் வேறாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டு திகதியையும் எழுத வேண்டும், வெட்டிய கையோடு எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று வைத்த துண்டுக்குத் திகதி கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

தினப் பகிடியும் தொடர்கதையும் ஒரே மாதிரி வாசிக்கிறவை அல்ல. ராணி காமிக்ஸ் வாசித்தவர்கள் மாயாவி என்று அறிந்த ‘ஃபாண்டம்’, லீ ஃபோக் எழுதி 1936 பெப்ரவரி 17இல் தொடங்கியது. தினமும் இரண்டு மூன்று கட்டம், ஒரு கதை முடிய மாதக்கணக்கு. முதல் கட்டம் நேற்று நடந்ததைச் சுருக்கிச் சொல்லும், கடைசிக் கட்டம் நாளைக்கு இழுக்கும், நடுவில்தான் கதை ஓரங்குலம் நகரும். புத்தகமாகக் கட்டி ஒரே இருப்பில் வாசித்தால் ஏன் சொன்னதையே சொல்கிறது என்று எரிச்சல் வருவது இதனால்தான். சேர்த்து வைத்திருந்தாலும் நாளுக்கு ஒன்றாக, தேத்தண்ணியோடு, மிஞ்சினால் ஒரு கிழமைக்கானதை வாசியுங்கள். ஞாயிறு தொடரில் ஓடுவது தினத்தொடரோடு சேராத தனிக் கதை, அதற்குத் தனி உறை வையுங்கள். தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ம் இதே வாய்ப்பாடுதான். முடியாத வழக்குக்கு அதன் பெயரைச் சொல்லும் அளவுக்கு நாளைக்கு நாளைக்கு என்று இழுத்த தொடர்.

தமிழாக்கத் தொடர்களில் பேச்சுக் குமிழியை முதலில் பாருங்கள். ஆங்கிலத்தில் நாலு சொல் இருந்த இடத்தில் தமிழுக்கு இடம் காணாது. எழுத்தைச் சுருக்குவார்கள், அல்லது குமிழியின் வாலை அழித்துவிடுவார்கள், யார் பேசுகிறார் என்றே தெரியாது. அதைவிடக் கஷ்டம் வசனத்தின் முடிவு. ஆங்கிலப் பகிடி பெரும்பாலும் கடைசிச் சொல்லில் வெடிக்கும். தமிழில் அந்த இடத்தில் வினைச்சொல் வந்து குந்திக்கொள்ளும், வெடிக்க வேண்டிய சொல் நடுவில் நமத்துப்போகும். கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் வசனத்தை இரண்டாக உடைத்து அந்தச் சொல்லைத் தனியே கடைசியில் விடுவார். தமிழிலேயே யோசித்து வரைந்ததில் இந்தத் தலையிடி இல்லை. கேலிச்சித்திரக்காரர் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் வரைந்த பாத்திரம் சவாரித்தம்பர் வாயைத் திறந்தாலே ஊர்ப் பேச்சு. சுந்தர் 1964இல் தொடங்கிய ‘சிரித்திரன்’ நகைச்சுவை இதழ்கள் நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. பார்க்காதவர்கள் இன்றைக்கே பார்க்கலாம்.

இனி வைத்துக்கொள்ளும் வேலை. பேப்பர்த்தாள் மரத்தை அரைத்துச் செய்வது, அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும், பிறகு மடித்த இடத்தில் முறியும். இங்கே உப்பங்காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து பூஞ்சணத்தையும் கொண்டுவரும். வெட்டும்போது கட்டத்தைச் சுற்றி அரை சென்ரிமீற்றர் விடுங்கள், திகதியை அந்த ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனை மறுபக்கம் ஊறும். சி.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் கொப்பியில் கோதுமை மாப் பசையால் ஒட்டுவது இங்கே வழக்கம், அதைத்தான் முதலில் விட வேண்டும். மாவுக்கு இராமபாணப் பூச்சி வரும், பசையின் ஈரத்தில் தாள் சுருங்கிக் கட்டக்கோடு வளையும். செலோடேப் அதைவிட மோசம். சில வருடத்தில் டேப் கழன்றுவிடும், மண்ணிறக் கறை மட்டும் நிற்கும். ஒட்டத்தான் வேண்டுமென்றால் குச்சிப் பசையை மேல் ஓரத்தில் மட்டும் தடவுங்கள். ஒட்டாமல் மாதத்துக்கு ஓர் உறையாகப் போடுவது இன்னும் நல்லது.

நெடுநாள் நிற்க வேண்டியதைப் போட்டோக்கொப்பி எடுங்கள். அந்த மை கரியும் பிளாஸ்டிக்கும், வெளிச்சத்துக்கு மங்காது. ஆனால் பி.வி.சி. உறையில் போட்டால் மை கழன்று உறையோடு ஒட்டிக்கொள்ளும், பொலிப்புரொப்பிலின் உறை கேட்டு வாங்குங்கள். பெட்டி இறுகிய மூடியுள்ள பிஸ்கட் டின் போதும். அதை மூடுகிற நாள்தான் முக்கியம். மார்கழி மழையில் மூடினால் ஈரத்தை உள்ளே பூட்டுகிறீர்கள். யூன், யூலையில் கச்சான் காற்று என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போது துண்டுகளை நிழலில் ஒரு பகல் பரப்பிவிட்டு மூடுங்கள். பூச்சி உருண்டை போட்டால் துணியில் முடிந்து போடுங்கள், தாளில் பட வேண்டாம்.

ஸ்கேன் எடுப்பவர்கள் கறுப்பு வெள்ளைத் தொடரை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள், 300இல் மெல்லிய கோடு உடையும். நிறத் தொடர் புள்ளி புள்ளியாக அச்சானது, ஸ்கேனில் சேலைக்கரைபோல நெளி கோடு விழுந்தால் ‘டிஸ்கிரீன்’ என்ற தெரிவைப் போடுங்கள். துண்டின் முதுகில் ஒரு கறுப்புக் கடதாசியை வைக்க மறக்க வேண்டாம். மறந்தால் மறுபக்கத்து அச்சு மேலே தெரியும், பீனட்ஸ் நாய் ஸ்னூப்பியின் வயிற்றில் சீமெந்து விளம்பரம் ஓடும்.