நிறுவனத்தின் உத்தியை வகுப்பது யார் வேலை?

எங்கள் அலுவலகத்தில் இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் மேல்மாடியைக் காட்டுவார்கள். காகிதத்தில் அது சரிதான். தலைமைச் செயல் அதிகாரி உத்தியை வகுக்கிறார்; இயக்குநர் குழு துருவிக் கேட்டு ஒப்புதல் தருகிறது, அப்புறம் கண்காணிக்கிறது. சரிப்படவில்லை என்றால் அவரையே மாற்றும் அதிகாரமும் குழுவுக்கு உண்டு.

ஆனால் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சில்லுகள் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் கதைதான் பிடிக்கும். 1985இல் அதன் தலைமையில் இருந்த கார்டன் மூரும் ஆண்டி குரோவும் நினைவகச் சில்லுத் தொழிலைக் கைவிட முடிவெடுத்தார்கள். அதற்கு முன்பே, ஒரு சிலிக்கான் வேஃபருக்கு (சில்லுகளைச் செய்யும் மெல்லிய தகடு) எதில் லாபம் அதிகமோ அதற்கே ஆலையை ஒதுக்க வேண்டும் என்ற விதிப்படி, நடுமட்ட மேலாளர்கள் உற்பத்தியைக் கணினியின் மூளையான மைக்ரோபிராசசர் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். மேலே விவாதம் ஓயவில்லை. கீழே பாதி வேலை முடிந்துவிட்டது!

அதற்காக உத்திக்கு நடுமட்ட மேலாளர்கள்தான் பொறுப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரு தொழிலையே மூட, ஆட்களைக் குறைக்க, மேலே இருப்பவரின் கையெழுத்துதான் வேண்டும். ஆனால் திட்டக் கூட்டத்துக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒருவரையும் கூப்பிடாமல், முடிந்தபின் அழகான ஸ்லைடுகளை மட்டும் அனுப்பிவைக்கிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. எந்த இயந்திரத்தில் எதை ஓட்டுவது என்று தினமும் முடிவெடுப்பது நாங்கள்.