கிணற்றடி விளக்கும் ராஸ்பெரி பையும்

கோப்பாயில் எங்கள் வீட்டுக் கிணற்றடி அடுப்படி வாசலில் இருந்து இருபது அடி தள்ளி இருக்கிறது. பொழுதுபடும் நேரம் அம்மம்மா அங்கே போய்க் கால் முகம் கழுவிவிட்டுத்தான் சாமியறையில் விளக்கேற்றுவார். மாரி காலத்தில் கிணற்றுக்கட்டில் பாசி பிடித்திருக்கும். அவர் இறங்குவதற்கு முன்பே அங்கே வெளிச்சம் இருக்க வேண்டும். கிணற்றடி விளக்கைத் தானாக எரியவைக்கும் இந்த வேலையை நான் தொடங்கியது அதற்காகவே.

கையில் ராஸ்பெரி பை சீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று இருந்தது. அதில் கம்பி இணைக்கும் ஊசிகளான நாற்பது பின்களையும் ஈயம் வைத்துப் பற்றவைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பை சொல்வதைக் கேட்டு விளக்கைப் போட்டு அணைக்கும் மின்சுவிச்சான ரிலே பலகையை இணைத்தபோது முதல் சிக்கல் வந்தது. அணைக்கச் சொன்ன பிறகும் பலகையிலிருந்த சிவப்புப் பொட்டு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பலகைக்கு 5 வோல்ட் கொடுத்திருந்தேன். பையின் பின் தருவதோ 3.3 வோல்ட். மீதி 1.7 வோல்ட் அந்தப் பொட்டை விடாமல் எரித்தது. பையின் பின்னுக்கும் அது நல்லதல்ல. பலகையில் இரண்டு முனைகளை இணைத்திருந்த சின்ன ஜம்பரைக் கழற்றி, ரிலேயின் சுருளுக்கு மட்டும் 5 வோல்ட்டும் உள்ளீட்டுப் பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்தேன். பொட்டு முழுதாக அணைந்தது.

230 வோல்ட் பக்கத்தை நான் தொடவில்லை. வயரிங் வேலை தெரிந்த மாமா வந்து, மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு இணைத்துத் தந்தார். ஆனால் எப்படி இணைப்பது என்று சொன்னவன் நான். தவறும் அங்கேதான் நடந்தது. உயிர்க்கம்பியில் சுவரிலுள்ள சுவிச்சுக்கு அடுத்ததாக, தொடராக ரிலேயை வைக்கச் சொன்னேன். இரண்டும் சேர்ந்தால்தான் விளக்கு எரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அடுத்த நாள் விடியற்காலை அம்மம்மா கூப்பிட்டார்: "பிள்ளை, சுவிச்சைப் போட்டேன், வெளிச்சம் வரவில்லையே." அறுபது வருடமாகக் கை வைத்த இடத்தில் வெளிச்சம் வரவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றே மாமாவை மறுபடி அழைத்து, ரிலேயைச் சுவிச்சுக்குப் பக்கவாட்டாக, சமாந்தரமாக மாற்றினோம். இப்போது இரண்டில் எது போட்டாலும் விளக்கு எரியும். பை செத்துக் கிடந்தாலும் சுவிச் வேலை செய்யும். சுவிச்சைப் போட்டு வைத்தால் பையால் அணைக்க முடியாது. கிணற்றடிக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

நேரத்தை முதலில் மாலை 6 மணி என்று நிலையாக வைத்திருந்தேன். அது சரிவரவில்லை. இங்கே ஜூலை நடுவில் சூரியன் மறைய 6.35 ஆகும், நவம்பர் நடுவில் 5.45க்கே மறைந்துவிடும், மழை முகிலும் சேர்ந்தால் இன்னும் முந்தி இருட்டும். இப்போது பைத்தான் நிரல்மொழியில், சூரியன் மறையும் நேரத்தைக் கணிக்கும் அஸ்ட்ரல் என்ற நிரல் நூலகத்திடம் யாழ்ப்பாணத்தின் அகலாங்கு 9.67, நெட்டாங்கு 80.02 இரண்டையும் கொடுத்து, மறைவுக்கு இருபது நிமிடம் முன்பாக ரிலேயை இயக்குகிறேன்.

போன மாதம் ஒரு நாள் மதியம் 2 மணிக்கு மின்சாரம் போய், மாலை 6.30க்கு வந்தது. இணைய இணைப்பு மட்டும் வரவில்லை. பையில் தனிக் கடிகாரம் கிடையாது; நேரத்தை இணையத்திலிருந்தே எடுக்கும், அது இல்லாவிட்டால் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். அதன் கணக்கில் அப்போது பிற்பகல் 2 மணி. இருட்டில் அம்மம்மா சுவிச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சமாந்தர இணைப்பு அன்றைக்குக் கைகொடுத்தது.

அதன்பின் டி.எஸ். 3231 கடிகாரத் துண்டு ஒன்று வாங்கினேன். ஒரு பொத்தான் பற்றரியில் ஓடுகிறது, ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே பிசகும். நான்கு கம்பிகள், உள்ளமைவுக் கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான் வேலை. மோடத்தைக் கழற்றி வைத்து, பையை இரண்டு மணி நேரம் நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். நேரம் சரியாக இருந்தது.

இனிப் பெட்டி வேலை. நேற்றுப் பலகையைத் திறந்தபோது ரிலேயின் ஓரத்தில் சிற்றெறும்புகள் வரிசையாக முட்டை கொண்டுவந்து வைத்திருந்தன. கம்பி நுழையும் வாயை இறுக்கி மூடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நாளை டவுனில் தேட வேண்டும்.