மூன்றரை யார்டு

போன வெள்ளிக்கிழமை ராத்திரி என் மகனின் பள்ளி அமெரிக்கக் கால்பந்து அணி எங்கள் லீகிலேயே இருக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் தோற்றது. தோற்றது கூடப் பரவாயில்லை. மூன்றாவது குவார்ட்டரில் அவர்கள் ஒரே ஓட்டத்தை, அதே இடது பக்கமாக, ஏழு தடவை ஓடினார்கள். ஏழு தடவையும் எங்கள் பையன்கள் இரண்டடி, மூன்றடி பின்னால் போனார்கள். என் மகன் லைன்பேக்கர். நடுவில் நின்று ஓடி வருகிறவனைப் பிடிக்க வேண்டியவன். அவனை அவர்களுடைய கார்ட் (ஓடுகிறவனுக்கு முன்னால் வழி விலக்குகிற ஆள்) ஒருவன் மார்பில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனதைக் கேலரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, பையன்களுக்கு வெறி போதவில்லை என்று சத்தமாகச் சொன்னார். ஆட்டம் முடிந்து பயிற்சியாளரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னாராம். நெஞ்சில் துணிவு வேண்டும், எதிராளி உங்களைவிட அதிகமாக ஆசைப்பட்டான் என்று. வண்டியில் வரும்போது மகன் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தான். "அவங்க எங்களைவிட பலசாலிம்மா. அவ்வளவுதான்" என்றான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைப் பாசம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பத்தொன்பது வருஷமாக பிசியோதெரபிஸ்ட். தோள், முட்டி, இடுப்பு என்று மனித உடம்பு எப்போது நிற்கும், எப்போது சரியும் என்பதைப் பார்த்தே பிழைக்கிறவள். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் வரிசையில் கைகொடுத்தபோது அந்த கார்டைப் பக்கத்தில் பார்த்தேன். என் மகனின் உயரம்தான். ஐந்தாறு கிலோ கூட இருக்கலாம். ஐந்தாறு கிலோவுக்காக ஒருவன் ஏழு தடவை பின்னால் போக மாட்டான்.

சனிக்கிழமை காலையில் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தவனிடம், "வா, அந்த நவம்பர் மேட்சைப் பார்க்கலாம்" என்றேன். எந்த மேட்ச் என்று அவன் கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில் தவுசண்ட் ஓக்ஸ். என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகில் ஆடும் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி 2024 வரை எங்கள் ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தில்தான் பயிற்சி செய்தது. அதனால் எங்கள் வீடு ராம்ஸ் வீடு. அந்த அணியை யார் வேண்டுமானாலும் தோற்கடித்துவிட்டுப் போகட்டும், சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் அடிக்கும்போது மட்டும் வயிறு எரியும். இரண்டும் ஒரே பிரிவு, வருஷத்துக்கு இரண்டு தடவை மோதியே ஆக வேண்டும். 2019-இல் தொடங்கி 2022 முடியும்வரை வழக்கமான சீசனில் நடந்த எட்டு ஆட்டங்களிலும் நைனர்ஸ்தான் ஜெயித்தது. அதில் மிக மோசமாக வலித்தது 2021 நவம்பர் 15, திங்கட்கிழமை ராத்திரி, சாண்டா கிளாராவில் நடந்த ஆட்டம். 31-10.

அன்றைக்கு ராம்ஸ் 7 வெற்றி, 2 தோல்வியோடு போனது. நைனர்ஸ் 3 வெற்றி, 5 தோல்வி. அவர்கள் சொந்த மைதானத்தில் ஜெயித்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியாக ஜெயித்ததும் ராம்ஸிடம்தான். ராம்ஸ் பக்கம் ஆரன் டொனால்ட் இருந்தார், மூன்று முறை சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் விருது வாங்கியவர். வான் மில்லரை அந்த மாதம்தான் வாங்கிப் போட்டிருந்தார்கள். பலம்தான் காரணம் என்றால், அந்த மைதானத்திலேயே பலசாலி எங்கள் பக்கம்தான் நின்றார்.

ராம்ஸ் பந்தோடு முன்னேறிய முதல் டிரைவில், பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்ட் தூரமாக எறிந்த பந்தை நைனர்ஸின் ஜிம்மி வார்ட் பிடித்துக்கொண்டார். நைனர்ஸுக்குப் பந்து சொந்தக் கோட்டிலிருந்து ஏழு யார்டு தள்ளிக் கிடைத்தது. அங்கிருந்து 93 யார்டு, 18 முயற்சி, 11 நிமிடம் 3 நொடி. ஒரு குவார்ட்டரே 15 நிமிடம்தான். கடைசியில் நைனர்ஸின் ஜார்ஜ் கிட்டில் டச்டவுன். எனக்கு அந்தப் பதினொரு நிமிடம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அடுப்பில் இட்லி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், இட்லியை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் பந்து இன்னும் அவர்கள் கையிலேயே இருந்தது.

ராம்ஸ் மறுபடி ஆடத் தொடங்கிய உடனேயே வார்ட் இரண்டாவது தடவையாகப் பந்தைப் பிடித்து நேராக எல்லைக்குள் ஓடினார். 14-0. ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரிதான்.

மறுநாள் டிவியில் பேசியவர்கள் ராம்ஸ் மென்மையான அணி என்றார்கள். அன்றைக்கு நானும் அதை நம்பினேன். பிறகு கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு வேறு ஒன்று உறைத்தது. நைனர்ஸ் அன்று 44 தடவை ஓடி 156 யார்டு எடுத்தது. அவர்களுடைய ஓட்டக்காரர் எலைஜா மிட்சல் மட்டும் 27 தடவை ஓடி 91 யார்டு. சராசரி மூன்றரையைத் தொடுகிறது, அவ்வளவுதான். அடித்து நொறுக்கிய அணியின் கணக்கு மாதிரியா இருக்கிறது? ஒரு தடவைக்கு நாலு யார்டு கூடக் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் பத்து யார்டு போனால் மறுபடி நாலு வாய்ப்பு. மூன்றரையை மூன்றால் பெருக்கினால் பத்தரை. நாலாவது வாய்ப்பே தேவைப்படாது.

அந்த மூன்றரை யார்டை ராம்ஸே விட்டுக் கொடுத்தது என்பதுதான் விஷயம்.

2020-இல் பிராண்டன் ஸ்டேலி ராம்ஸின் தடுப்பு ஆட்டத்தை அமைத்தார். கடைசி வரிசைத் தடுப்பாளர்களான இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்துவது, முன்னால் கோட்டுக்குப் பக்கத்தில், பாக்ஸ் என்று சொல்கிற இடத்தில், ஆறு பேரோடு சமாளிப்பது. நீளமாக எறிகிற பந்துதான் ஆளைக் கொல்லும், ஓடுகிறவன் மூன்று யார்டு ஓடிவிட்டுப் போகட்டும் என்கிற நினைப்பு. தப்பான நினைப்பு இல்லை. அந்த வருஷம் லீகிலேயே குறைந்த புள்ளிகளையும் குறைந்த யார்டுகளையும் விட்டுக்கொடுத்த அணி ராம்ஸ்தான். அடுத்த வருஷம் ரஹீம் மோரிஸ் வந்தபோதும் அந்த எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை. சம்பளமும் அதற்கேற்ற மாதிரியே போனது. டொனால்டுக்கும், எறிகிற பந்தைத் தடுக்கிற ஜேலன் ராம்ஸிக்கும் பணம் கொட்டினார்கள், நடு லைன்பேக்கர் இடத்தில் சிக்கனம் பிடித்தார்கள்.

மற்ற அணிகளெல்லாம் மூன்று யார்டு கிடைத்தால் பொறுமை இழந்து எறியப் போய்விடும். நைனர்ஸ் பயிற்சியாளர் கைல் ஷானஹன் பொறுமை இழக்கிற ஆள் இல்லை. மூன்றரை கொடுக்கிறாயா, கொடு என்று ராத்திரி முழுக்க வாங்கிக்கொண்டே இருப்பார். ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வேயும் அவரும் 2010 முதல் 2013 வரை வாஷிங்டனில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஒரே அடுப்பில் சமையல் கற்றவர்கள். ஆனால் மெக்வே எறிகிற பந்தைப் பிடிக்க ஓடும் மூன்று ரிசீவர்களை வைத்து மைதானத்தை அகலமாக்கப் போனார். ஷானஹன், ஓடுகிறவனுக்கு முன்னால் போய் முட்டுகிற ஃபுல்பேக்கைக் கைவிடவே இல்லை. கைல் யூஸ்செக் மாதிரி ஓடி வந்து முட்டுவதையே தொழிலாக வைத்திருக்கிற ஆளை இன்றைக்குப் பல அணிகள் வைத்திருப்பதில்லை. ராம்ஸ் தடுப்பாளர்கள் பயிற்சியில் தினமும் பார்ப்பது தங்கள் அணியின் மூன்று ரிசீவர் ஆட்டத்தைத்தான். அப்படிப் பழகிய உடம்பு, வருஷத்துக்கு இரண்டே தடவை இந்த முட்டலைச் சந்திக்கிறது. இது என் ஊகம். ஆனால் க்ளினிக்கில் தினமும் பார்க்கிறேன், பழகாத கோணத்தில் வருகிற சின்னப் பாரம்தான் முதுகைப் பிடிக்கிறது.

"சரி, ஆள் கம்மி, ஒத்துக்கறேன். எங்களுக்கு ஆள் கம்மி இல்லையே. அப்புறம் ஏன் நான் பின்னாடி போனேன்?" என்றான் மகன்.

அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், 58 கிலோ. அவன் ஆறடி, 84 கிலோ. வாஷிங் மெஷினுக்கு முன்னால் அவனை ஸ்டான்ஸில் நிற்கச் சொல்லிவிட்டு, "நேரா வந்து இடிப்பேன்" என்று சொல்லிவிட்டு இடித்தேன். சுவரில் மோதிய மாதிரி இருந்தது. அவன் அசையவில்லை.

"இப்போ இடதா வலதான்னு சொல்ல மாட்டேன்" என்றேன். ஒரு அடி இடது பக்கம் எடுத்து வைத்தேன். அவன் வலது கால் தரையை விட்டுக் கிளம்பியது. அந்தக் கால் கீழே இறங்குவதற்குள் நான் மறுபக்கம் திரும்பி, முட்டியை மடக்கி, அவன் விலா எலும்புக்குக் கீழே என் தோளை வைத்து மேல்பக்கமாகத் தள்ளினேன். இரண்டடி பின்னால் போய் மெஷினில் முதுகு தட்டி நின்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இன்னொரு தடவை" என்றான்.

வரப்போவது இதுதான் என்று தெரிந்தால், கண்ணில் பட்டதிலிருந்து உடம்பு கிளம்ப ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் அந்த நேரம் கூடிவிடும். கூடுகிற அந்தக் கண்ணிமைப்பில் ஒரு கால் காற்றில் இருக்கும். ஒற்றைக் காலில் நிற்கிறவனுக்கு என் மகனின் 84 கிலோவும் ஒன்றுதான், டொனால்டின் 127 கிலோவும் ஒன்றுதான். நைனர்ஸ் ஏன் பந்து கைமாறி ஆட்டம் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன்னால் அடிக்கடி ஒருவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட விடுகிறது? இதற்குத்தான். அப்போதெல்லாம் நைனர்ஸில் இருந்த டீபோ சாமுவேல் ஓடி வந்தார், லைன்பேக்கரின் கண் அவர்கூடவே போனது, அதற்குள் ட்ரெண்ட் வில்லியம்ஸ், 145 கிலோ மனிதர், பக்கவாட்டில் வந்து சேர்ந்திருந்தார். டொனால்டை நேருக்கு நேர் யாரும் ஜெயிக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் அவரும் துரத்தத்தான் வேண்டியிருந்தது.

அதோடு களைப்பு. தொடைத் தசை சோர்ந்தால் நாம் யாராக இருந்தாலும் முட்டியை நிமிர்த்தி எலும்பின்மேல் பாரத்தைப் போட்டு நிற்போம். பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருக்கிறவர்களைப் பாருங்கள், தெரியும். கால்பந்தில் முட்டி நிமிர்ந்தால் இடுப்பு உயரும், மார்பு திறக்கும், கீழேயிருந்து வருகிறவனுக்கு மூட்டை தூக்குகிற மாதிரி ஆகிவிடும். பதினொரு நிமிட டிரைவின் கடைசி நாலைந்து முயற்சியில் ராம்ஸ் வீரர்களின் இடுப்பை மட்டும் பாருங்கள். ஒருவரும் தைரியத்தைத் தொலைக்கவில்லை. தொடை தொலைந்துவிட்டது.

என் மகனிடம் நான் காட்ட நினைத்த இன்னொரு ஆட்டமும் இருந்தது. 2022 ஜனவரி 9-இல் ராம்ஸ் 17-0 என்று முன்னால் இருந்தும் கூடுதல் நேரத்தில் 27-24 என்று தோற்றது. இடைவேளையின்போது முன்னிலையில் இருந்த 45 ஆட்டங்களிலும் மெக்வே அதுவரை தோற்றதே இல்லை. சரியாக மூன்று வாரம் கழித்து, ஜனவரி 30, அதே நைனர்ஸ், அதே சோஃபை மைதானம், இந்தத் தடவை கான்ஃபரன்ஸ் இறுதி, ஜெயித்தால் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். இடையில் யாரும் பத்து கிலோ ஏற்றிக்கொள்ளவில்லை. 2019 சீசனோடு ஓய்வு பெற்று வீட்டில் இருந்த சேஃப்டி எரிக் வெடிலை, 37 வயதில் திரும்ப அழைத்திருந்தார்கள். வருஷக்கணக்காகப் படித்த கண். ஸ்னாப்புக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறவனைப் பார்த்து அவர் ஏமாறவில்லை. அன்று நைனர்ஸ் 20 தடவை ஓடி 50 யார்டுதான் எடுத்தது. தடவைக்கு இரண்டரை. இரண்டரையை மூன்றால் பெருக்கினால் ஏழரை, அப்புறம் பந்தை எறிந்தே ஆக வேண்டும். கடைசி நிமிடங்களில் டொனால்ட் நைனர்ஸ் குவார்ட்டர்பேக் கரோப்பொலோவைப் பிடித்து இழுக்க, கரோப்பொலோ தூக்கி எறிந்த பந்து ராம்ஸின் டிராவின் ஹோவர்ட் கையில் விழுந்தது. 20-17. நான் அழுதேன். இரண்டு வாரத்தில் அதே மைதானத்தில் சூப்பர் பவுலையும் ஜெயித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் தன்னுடைய வெள்ளிக்கிழமை வீடியோவை லேப்டாப்பில் போட்டு, அந்த ஏழு ஓட்டத்தையும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தான். என்னைக் கூப்பிட்டான். எதிரணியின் டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நிற்கிறவன்) வலது பக்கமாக நடக்க ஆரம்பிக்கிறான். என் மகனின் வலது கால் அவன் கூடவே ஒரு அடி போகிறது. பந்து இடது பக்கம். ஏழு தடவையும் அதே கால், அதே ஒரு அடி.

"இதை யாருமே எங்கிட்ட சொல்லலைம்மா" என்றான்.

இந்த வருஷம் அந்தப் பள்ளியோடு மறுபடி ஆட்டம் இல்லை. அடுத்த வருஷம் அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, கடைசி சீசன். கராஜ் தரையில் வலது கால் நிற்க வேண்டிய இடத்தில் நீல டேப் ஒட்டியிருக்கிறான். தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் பத்துத் தடவை வந்து இடிக்கச் சொல்கிறான். நேற்று பத்தில் ஆறு தடவை கால் டேப்பை விட்டுக் கிளம்பவில்லை.